வாடகைக்கு மட்டும்

வீட்டுக்கு வந்த வெள்ளித்திரை – வரலாற்றுத் தொடர் – 14

காரவள்ளியைத் தாண்டியதும் பேருந்து முனக ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவு 1/70 என்று ஒரு பலகை வரும். அங்கிருந்து மேலே எழுபது வளைவுகள். வாந்தி எடுப்பவர்களுக்கும் சந்தைக் கூடைகளுக்கும் நடுவே ஒருவன் மஞ்சப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருப்பான். பைக்குள் ஒரு டிவிடி பிளேயர், ஒயர், பாலிதீன் உறையில் நான்கு சிடி. (விசிடியோ டிவிடியோ, எங்கள் பக்கம் எல்லாமே சிடிதான்.) அடிவாரத்து ஊர்க் கடையில் முன்பணம் கட்டி எடுத்தது. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துரோணும், இல்லீனா இன்னொரு நாள் வாடகை" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். மேலே போய்ச் சேர்வதற்கே பாதி நாள், திரும்பி இறங்குவதற்குப் பாதி நாள் என்றால் படம் பார்ப்பது எப்போது? கொல்லிமலைக்காரர்களுக்கு இந்த ஒரு நாள் வாடகைக் கணக்கு ஒருநாளும் ஒத்து வந்ததில்லை.

மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்த அந்த ஆள் சில தடவை நான்தான்.

டெக்கும் கேசட்டும் ஊர்த் திருவிழாவுக்கு வந்து சேர்ந்த கதையைப் போன இதழில் பார்த்தோம். இது தட்டின் முறை. ஆனால் இதைக் கொல்லிமலைச் செம்மேட்டில் தொடங்கி அமெரிக்காவுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. காரணம், ஓர் ஆடி மாதத்து இரவு.

வல்வில் ஓரி விழாவுக்காக மலை முழுக்கக் கூட்டமாக இருந்த நேரம். வளப்பூர் நாட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். மிளகும் காப்பியும் கொஞ்சம் வாழையும் வைத்திருப்பவர். அரசு கொடுத்த கலர் டிவியின் மேல் துணி போட்டு மூடி, அதன் மேல் சாமி படம் வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த என் உறவுக்காரப் பையன் ஒரு டிவிடி கொண்டுவந்திருந்தான். அவன் இருந்த அமெரிக்க ஊரில் ஒரு வாடகைக் கடையை மூடும்போது தட்டுகளை ஒரு டாலருக்குத் தள்ளிவிட்டார்களாம். எந்தப் படம், எந்தக் கடை என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

டிவிடிக்கென்று உலகத்தை மண்டலங்களாகப் பிரித்ததில் அமெரிக்கத் தட்டு மண்டலம் 1-ஐச் சேர்ந்தது. நாம் மண்டலம் 5. முறைப்படி அது இங்கே ஓடக்கூடாது. ஆனால் அண்ணன் வைத்திருந்தது சந்தையில் வாங்கிய பெயர் தெரியாத பிளேயர். எதைப் போட்டாலும் பாடும் ரகம். மண்டலமாவது ஒன்றாவது, படம் ஓடியது. முடிந்ததும் பட்டியலில் 'சிறப்பு அம்சங்கள்' என்று இருந்த இடத்தில் பையன் அழுத்தினான். நீக்கிய காட்சிகள், படம் எடுத்த விதம் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. ஒன்றை அழுத்தினால் சாம்பல் நிறத் திரையில் நான்கு வரி. இந்தத் தட்டு வாடகைக்கு மட்டும் உரியது, இதில் படம் மட்டுமே உண்டு, மற்றவற்றைப் பார்க்க விரும்பினால் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அடுத்ததை அழுத்தினான். அதே நான்கு வரி. அதற்கடுத்தும் அதுவே.

பையன் தமிழில் சொன்னதும் அண்ணன் கேட்டார்: "இல்லீன்னா இல்லீன்னு உட்டுற வேண்டியதுதானுங்க தம்பி? எலையப் போட்டு, தண்ணி தெளிக்கச் சொல்லிப்போட்டு, அப்பறம் சோறு அடுத்த பந்திக்குங்கறானே?"

அமெரிக்க நுகர்வோர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய ஆத்திரம் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். அந்த இலையைப் போட்டது யார், எதற்குப் போட்டார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

அமெரிக்கச் சட்டத்தில் ஓர் எளிய விதி இருக்கிறது. முறையாக விலை கொடுத்து வாங்கிய பிரதி வாங்கியவருடையது. அதை விற்கலாம், தானம் கொடுக்கலாம், வாடகைக்கும் விடலாம். முதல் விற்பனையோடு தயாரிப்பாளரின் பிடி விட்டுப்போகிறது. இசைத்தட்டுக்கு 1984-இலும் கணினி மென்பொருளுக்கு 1990-இலும் வாடகையைத் தடுத்து விதிவிலக்கு வாங்கிவிட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பத்துத் தட்டு வாங்கி, கடை திறந்து, வாடகைக்கு விடலாம். ஸ்டூடியோவுக்குப் பத்துத் தட்டின் விலை மட்டும்தான் வரும். தட்டு நூறு வீட்டுக்குப் போனாலும் அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

கேசட் காலத்தில் அவர்கள் கண்டுபிடித்த வழி விலை. வாடகைக் கடைகளை மனதில் வைத்துப் புதுப்படக் கேசட்டின் விலையை எண்பது, நூறு டாலர் என்று வைத்தார்கள். டிவிடி வந்ததும் கணக்கு மாறியது. மக்களே நேரடியாக வாங்கி அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார்கள். விற்பனைதான் பெரிய வருமானம், வாடகை ஓரத்தில் கிடந்தது. வாங்க வைப்பதற்காகவே கூடுதல் சரக்கைச் சேர்த்தார்கள்: இயக்குநரின் விளக்கவுரை, வெட்டிய காட்சிகள், படப்பிடிப்புக் கதை. சினிமா கற்க விரும்பிய எத்தனையோ பேருக்கு இவைதான் பள்ளிக்கூடம்.

பிறகு விற்பனை சரிய ஆரம்பித்தது. அதே நேரத்தில் அஞ்சலில் தட்டு அனுப்பும் நெட்ஃபிளிக்ஸ் ஒரு பக்கம் வளர்ந்தது. மளிகைக் கடை வாசலில் நின்ற ரெட்பாக்ஸ் பெட்டி, இரவுக்கு ஒரு டாலர் என்று இன்னொரு பக்கம் தட்டைத் துப்பியது. ஒரு டாலருக்குக் கிடைப்பதை இருபது டாலருக்கு யார் வாங்குவார்கள்? சட்டம் போட்டு வாடகையைத் தடுக்க முடியவில்லை, சரி, வாடகைக்குப் போகும் தட்டையே குறைத்துக் கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள்.

ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 2009-இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வாடகைக்காரர்களுக்குப் படம் மட்டும் உள்ள தட்டு, கடையில் விலைக்கு வாங்குபவருக்கு முழுத் தட்டு. அதில் மாட்டிக்கொண்ட படம் எது தெரியுமா? நம் ஏ.ஆர்.ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்'. பிப்ரவரி 22 அன்று எட்டு விருது. மார்ச் 31 அன்று டிவிடி. அட்டையில் டேனி பாயிலும் தேவ் படேலும் பேசும் விளக்கவுரை உண்டு, நீக்கிய காட்சிகள் உண்டு என்று அச்சாகியிருந்தது. முழு விலை கொடுத்து வாங்கிப் போனவர்களில் ஒரு பகுதியினர் வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வாடகைக்கென்று அச்சடித்த தட்டு, விற்பனை அட்டைக்குள் போய்விட்டது. ஆலையில் நடந்த குழப்பம். நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு, மாற்றித் தர ஏற்பாடு செய்தது.

இந்தத் தவறு நடந்திருக்காவிட்டால் இப்படி இரண்டு ரகம் இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. வாடகைக்கு எடுப்பவன் குறையைக் கண்டு முனகுவான், மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவான். முழுக் காசு கொடுத்தவன் கையில் அதே தட்டு சிக்கியபோதுதான் கூச்சல் வெளியே கேட்டது.

ரெட்பாக்ஸ் கதையில் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. யுனிவர்சல், ஃபாக்ஸ், வார்னர் ஆகிய ஸ்டூடியோக்கள் புதுப்படத்தை அதற்குக் கொடுப்பதைத் தள்ளிப்போடப் பார்த்தன. ரெட்பாக்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது. சும்மாவும் இருக்கவில்லை, வால்மார்ட் போன்ற கடைகளில் ஆளனுப்பிச் சில்லறையாகத் தட்டு வாங்கித் தன் பெட்டியில் நிரப்பியது. முதல் விற்பனை விதி கையில் இருக்கும்போது யார் தடுப்பது? சில்லறையில் வாங்கியது என்பதால் அது விற்பனைத் தட்டு, கூடுதல் சரக்கு அத்தனையும் உள்ளே இருக்கும்! 2010-இல் சமாதானம் ஆனார்கள். படம் கடைக்கு வந்து 28 நாள் கழித்துத்தான் வாடகைப் பெட்டிக்கு என்று ஒப்பந்தம். நெட்ஃபிளிக்ஸும் அதே 28 நாளுக்குத் தலையாட்டியது.

தட்டைக் குறைத்ததால் ஸ்டூடியோவுக்குச் செலவு ஏதாவது மிச்சமானதா? சொல்லிக்கொள்ளும்படி இல்லை. விளக்கவுரையும் நீக்கிய காட்சியும் ஏற்கெனவே எடுத்து முடித்தவை. தட்டை அச்சடிக்கும் செலவு எப்படியும் சில்லறைதான். தனியாக ஒரு குறைப் பிரதி தயாரிப்பது, தனி அட்டை, தனிக் கிட்டங்கி என்று வேலை கூடித்தான் இருக்கும். அதிலும் பட்டியலை எடுக்காமல் விட்டுவைத்து, அழுத்தினால் சாம்பல் திரை வரும்படி செய்வதற்கு யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

இந்த வித்தைக்கு வயது அதிகம். ஜூல் துப்வி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849-லேயே ரயிலைப் பார்த்து இதை எழுதிவைத்தார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது கூரைக்கு ஆகும் காசை மிச்சம் பிடிக்க அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது என்பதற்காக என்றார். ஏழையை நனைய விடுவது நோக்கமில்லை, வசதியுள்ளவனைப் பயமுறுத்துவதுதான் நோக்கம். நனைவது மட்டும் ஏழை. நம் ரயில்வேயில் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே 1974-இல்தான் போனது. 1990-இல் ஐபிஎம் ஒரு மலிவு லேசர் பிரின்டரை விட்டது. நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அடிக்கும் அதே இயந்திரம்தான். உள்ளே கூடுதலாக ஒரு சில்லு வைத்து ஐந்து பக்கமாக மட்டுப்படுத்தியிருந்தார்கள். வேகத்தைக் குறைக்கக் கூடுதல் செலவு!

மலிவாகக் கொடுப்பதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. செம்மேட்டுப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டைப் பாருங்கள். கடலூர் சின்னி கிருஷ்ணன் வழிகாட்டிய சங்கதி அது. அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவோடு அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க முடியாதவருக்குக் குறைந்த அளவு கொடுத்தார்கள், தண்ணீர் கலந்து கொடுக்கவில்லை. ஒரு தலைக்கு ஒரு பாக்கெட், நுரை ஒன்றுதான். ஒரு நாளைக்குப் பார்த்துக்கொள் என்று முழுத் தட்டை வாடகைக்குக் கொடுப்பதும் பாக்கெட் போலத்தான். நாள் குறைவு, சரக்கு குறையவில்லை. அதற்குள் கைவைத்து உள்ளிருப்பதையும் உருவிக்கொள்வதைத்தான் அண்ணன் பந்தியோடு ஒப்பிட்டார்.

இனி நம் பக்கம் வருவோம். 'வாடகைக்கு மட்டும்' தட்டு இந்தியாவில் ஏன் முளைக்கவில்லை? நம் சட்டம் வேறு மாதிரி என்பதால் அதற்குத் தேவையே எழவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம், சினிமாப் பிரதியை விற்கவும் வாடகைக்கு விடவும் உள்ள உரிமையை உரிமையாளரிடமே வைத்தது. அந்தப் பிரதி முன்பு விற்கப்பட்டிருந்தாலும் சரி, வாடகைக்குப் போயிருந்தாலும் சரி என்று சேர்த்தே எழுதினார்கள். பிரிவு 14. அதாவது நீங்கள் காசு கொடுத்து, பில் போட்டு வாங்கிய அசல் தட்டாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் அதை வாடகைக்கு விடக்கூடாது.

இது காகிதத்தோடு நிற்கவில்லை. ஒரு வாடகைக் கடைக்காரர் அமெரிக்காவில் முறையாக விற்ற அசல் டிவிடிகளை வரவழைத்து இங்கே வாடகைக்கு விட்டார். வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டது. 2009 ஏப்ரல் 13, சித்திரை பிறப்பதற்கு முதல் நாள், டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ரவீந்திர பட் தீர்ப்பளித்தார். அசல்தான், காசு கொடுத்ததுதான், ஆனாலும் இந்தியாவில் வாடகைக்கு விடும் உரிமை உங்களுக்கு இல்லை என்றார். ஸ்லம்டாக் குழப்பம் நடந்து பதின்மூன்றாவது நாள் அது. அங்கே வாடகையைத் தடுக்க முடியாமல் தட்டை வெட்டினார்கள், இங்கே தட்டில் கைவைக்காமலே வாடகையைத் தடுத்தார்கள்.

ஐரோப்பாவில் இந்தச் சண்டை கேசட் காலத்திலேயே நடந்துவிட்டது. ஜேம்ஸ் பாண்ட் படக் கேசட் ஒன்றை லண்டனில் வாங்கி கோபன்ஹேகனில் வாடகைக்கு விடப் பார்த்த ஒரு கடைக்காரர், ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1988-இல் தோற்றார். எதிர்த்தரப்பு அப்போதும் வார்னர்தான்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய தமிழ்நாட்டில் தெருத்தெருவாகப் போயிருந்தால், எழுத்தில் அனுமதி காட்டக்கூடிய சிடி வாடகைக் கடை எத்தனை தேறியிருக்கும்? யாரும் போகவில்லை. அரசின் கோபம் திருட்டு விசிடி மேல் இருந்தது. 2004-இல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்தார்கள். அசல் தட்டை வாடகைக்கு விட்டவரும் சட்டத்துக்கு வெளியேதான் நின்றார் என்பது அவருக்கும் தெரியாது, வாடகைக்கு எடுத்த எனக்கும் தெரியாது. 2012 திருத்தத்தில் 'வணிக வாடகை' என்று சொல்லை மாற்றி, லாப நோக்கமில்லாத நூலகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். வாடகைக் கடைகள் அதற்குள் சாகத் தொடங்கியிருந்தன.

அப்படியானால் நமக்கு முழுத் தட்டு கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. நமக்குக் கிடைத்தது எல்லாமே வெட்டிய தட்டுதான், விற்பனைக்கு வந்ததும் உட்பட. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

1993-இல் வரையறுத்த விசிடியில் 74 நிமிடப் படம்தான் கொள்ளும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு தட்டில் பிதுங்கும். மூன்றாவது தட்டுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் பாட்டை வெட்டினார்கள், நகைச்சுவையை வெட்டினார்கள். எங்களுக்கு வந்த ஒரு தட்டில் கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள், அடுத்த நொடி கல்யாணப் பத்திரிகை வரும். நடுவில் என்ன ஆனது என்று திண்ணையில் ஆளுக்கொரு கதை சொல்வோம். சண்டைக் காட்சி வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டாவது தட்டில்தான் எப்போதும் கீறல் விழுந்திருக்கும். பற்பசையை விரலில் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துப் போடுவோம். வட்டமாகத் தேய்த்தால் கெட்டுவிடும் என்பது எங்கள் சாஸ்திரம். பாதி நேரம் ஓடும். மீதி நேரம் கிளைமாக்ஸ் இல்லாமலே படுத்துத் தூங்குவோம். கீழே போய்க் கடைக்காரரிடம் சொன்னால், "நேத்துப் போன வீட்டுல நல்லாத்தானே ஓடுச்சு" என்பார். எழுபது வளைவு இறங்கிப் போய்ச் சண்டை போடுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

டிவிடி வந்ததும் தீரும் என்று நினைத்தோம். ஒரே தட்டில் மூன்று படம் என்று போட ஆரம்பித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடுக்குத் தட்டில் 4.7 ஜிபி. மூன்று படத்துக்கு ஏழரை மணி நேரம் என்று வைத்தால், நொடிக்குக் கிடைப்பது ஏறக்குறைய விசிடியில் கிடைத்த அதே அளவு. பெயர் டிவிடி, உள்ளே இருப்பது விசிடி. அட்டையில் மட்டும் டிஜிட்டல் என்று தங்க எழுத்து. இயக்குநரின் விளக்கவுரை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மலையில் யாருக்கும் தெரியாது. இருப்பதே தெரியாதபோது இல்லையென்று யார் கோபப்படுவார்கள்? அமெரிக்கத் தட்டைப் பார்த்துத்தான் அண்ணனுக்கே கோபம் வந்தது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2007-இல் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று படங்களை இறக்கியபோது, வாடகை, திருட்டு இரண்டின் கழுத்திலும் சேர்த்துக் கைவைத்தது. வெற்றுத் தட்டு தயாரிப்பதில் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று, அதனால் அந்த விலை கட்டுப்படியானது. எங்கள் பக்கம் நாள் வாடகை பத்து ரூபாய். இறங்கி ஏறும் பேருந்துக் காசைச் சேர்த்தால் 34 ரூபாய்க்கு வாங்குவதே லாபம். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பது மலைக்காரனுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று சமவெளிக்காரருக்குச் சொன்னால் புரியாது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச டிவி, அடுத்த ஆண்டே 34 ரூபாய்த் தட்டு. கொல்லிமலையில் சினிமா வீட்டுக்குள் வந்தது இந்த இரண்டும் சேர்ந்தபோதுதான் என்பேன். அதே நிறுவனம் 'பூ', 'ராமன் தேடிய சீதை' போன்ற படத் தயாரிப்பிலும் இறங்கியது. 2018 செப்டம்பரில் அதைக் கலைத்து விற்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பர் 29 அன்று கடைசித் தட்டை அஞ்சலில் போட்டது. ரெட்பாக்ஸ் பெட்டிகள் 2024-இல் திவாலில் அணைந்தன. ஃபாக்ஸ் ஸ்டூடியோவே டிஸ்னி கைக்குப் போய்விட்டது. அந்தக் கூடுதல் சரக்கில் எத்தனையோ இன்று எந்த ஓடிடியிலும் இல்லை, பழைய விற்பனைத் தட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அண்ணன் வீட்டு பிளேயர் இப்போது ஓடுவதில்லை. தட்டுகளைக் கயிற்றில் கோத்து மிளகுக் கொடிப் பக்கம் பறவை விரட்டக் கட்டியிருக்கிறார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சிடி வாடகைக் கடை நடத்தியவர்களோ, அதில் கணக்கு எழுதியவர்களோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பழைய நோட்டையும் உறுப்பினர் அட்டையையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊரில் எந்தப் படம் எத்தனை முறை வாடகைக்குப் போனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆசிரியர் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், மஞ்சப்பையோடு நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

(தொடரும்)